கல்லுக்கு அடியில் காயில்: ஒரு பேக்கரியில் ஒயர்லெஸ் சார்ஜர் சொதப்பிய கதை

பொள்ளாச்சி ரோட்டில், கிணத்துக்கடவுக்குக் கொஞ்சம் முன்னால், என் பெரியம்மா மகன் ஒரு பேக்கரி வைத்திருக்கிறார். போன தை மாதம் கடையைப் புதுப்பித்தபோது ஆறு கிரானைட் மேஜைகளுக்கும் அடியில் ஒயர்லெஸ் சார்ஜர் பதித்தார். போனை மேஜை மேல் வைத்தால் போதும், தானே சார்ஜ் ஏறும் என்று வாசலில் ஃப்ளெக்ஸ் வேறு. சித்திரை பிறப்பதற்குள் அந்த ஃப்ளெக்ஸைச் சுருட்டி மாடிப்படிக்கு அடியில் போட்டுவிட்டு எனக்கு போன் செய்தார்.

"கண்ணு, ஒருக்கா வந்து பாரு. ஒரு போன்ல ஏறுது, ஒண்ணுல ஏற மாட்டேங்குது, ஒண்ணு டிங்கு டிங்குனு கத்திட்டே இருக்குது. பஃப்ஸ் திங்க வர்றவங்க பாதியில எந்திரிச்சுப் போறாங்க."

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன் இல்லை. கோயம்புத்தூர் கணபதியில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். இருபது வருஷமாக சப்மெர்சிபிளுக்கும் மோனோபிளாக்குக்கும் கம்பி சுற்றுவதுதான் பிழைப்பு. அண்ணன் கணக்கில் காயில், அதாவது கம்பிச்சுருள், என்றால் நான்தான். அது ஒரு வகையில் சரியாகவும் போயிற்று. இரண்டு ஞாயிற்றுக்கிழமை அங்கே உட்கார்ந்து பார்த்ததில் தெரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன், கடையில் இப்படிப் பதிக்க நினைக்கிற யாருக்காவது ஆகும்.

ரோட்டருக்கு ஒயர் போகிறதா?

முதலில் சாமான் என்னவென்று பார்த்துவிடலாம். மேஜைக்கு அடியில் இருக்கிற சார்ஜர் தட்டில் ஒரு காயில், போனின் முதுகுக்கு உள்ளே இன்னொரு காயில். கீழே உள்ளதில் மாறுமின்னோட்டம் ஓடினால் அதைச் சுற்றிக் காந்தப்புலம் ஏறி இறங்கும், அந்தப் புலம் மேலே உள்ள காயிலைக் கடக்கும்போது அதில் மின்சாரம் பிறக்கும். 1831-இல் ஃபாரடே கண்டுபிடித்த அதே சங்கதிதான். நம் ஊர்க் கிணற்று மோட்டாரில் ரோட்டருக்கு, அதாவது உள்ளே சுற்றுகிற பாகத்துக்கு, எந்த ஒயரும் போவதில்லை, ஆனாலும் அதில் கரண்ட் ஓடுகிறது, அது சுற்றுகிறது. அதைச் சுற்றி அசையாமல் நிற்கிற ஸ்டேட்டர் தூண்டிவிடுகிறது, அவ்வளவுதான். ஒயர்லெஸ் சார்ஜர் என்றதும் எல்லாரும் ஏதோ மாயம் மாதிரி பேசுகிறார்கள், அந்த மாயத்தில்தான் கோயம்புத்தூர் பாதி சோறு தின்கிறது.

ஒரு வித்தியாசம் உண்டு. மோட்டாரில் ஸ்டேட்டருக்கும் ரோட்டருக்கும் நடுவே இடைவெளி அரை மில்லிமீட்டர் கிட்டத்தான் இருக்கும். அது கூடினாலே மோட்டார் ஆம்பியர் அதிகம் இழுக்கும் என்று எந்த வைண்டரும் சொல்வான். இங்கேயோ நடுவில் இரும்புக் கோர் கிடையாது, இடைவெளி சில மில்லிமீட்டர். அதைச் சமாளிக்கத்தான் 50 ஹெர்ட்ஸுக்குப் பதிலாக 100 முதல் 200 கிலோஹெர்ட்ஸ் வரை, அதாவது நொடிக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல், திசை மாற்றி அடிக்கிறார்கள். அந்த வேகத்தில் கரண்ட் கம்பியின் மேல்தோலில் மட்டும்தான் ஓடும். அதனால் ஒரே கனமான கம்பி சுற்றாமல், முடி மாதிரி மெல்லிய எனாமல் கம்பிகளைப் பல இழையாக முறுக்கிச் சுற்றியிருப்பார்கள். கெட்டுப்போன தட்டு ஒன்றைப் பிரித்துப் பார்த்தபோது அந்த முறுக்கைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன், நல்ல கை வேலை. அடியில் ஒரு ஃபெரைட் தகடு, புலம் கீழே சிதறாமல் மேலே திருப்பிவிட.

இந்த முறைக்குப் பெயர் இருக்கிறது. 2008-இல் பல கம்பெனிகள் கூடி ஒரு கூட்டமைப்பு தொடங்கி, 2010-இல் பொதுத் தரம் ஒன்றை வெளியிட்டார்கள். உயிராற்றல் என்று பொருள்படும் சீனச் சொல்லைப் பெயராக வைத்தார்கள். எழுதுவது க்யூ, ஐ, படிப்பது 'ச்சீ'. நம் ஊரில் இந்தப் பெயரோடு ஒரு பொருளை விற்பது எவ்வளவு கஷ்டம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போல. 2012-லேயே லூமியா 920 போன்ற போன்களில் இது வந்துவிட்டது, ஆனால் 2017-இல் ஐபோன் 8-இலும் எக்ஸ்-இலும் வந்த பிறகுதான் கடைத்தெருவில் சூடு பிடித்தது. அலுமினிய முதுகு இருந்தால் காந்தப்புலம் உள்ளே போகாது, அதனால்தான் அந்த வருஷம் ஆப்பிள் முதுகைக் கண்ணாடிக்கு மாற்றியது.

அப்புறம் இந்தக் கதைக்கு முக்கியமான ஒன்று: தட்டும் போனும் பேசிக்கொள்கின்றன. தட்டு சும்மா இருக்கும்போது அவ்வப்போது கொஞ்சமாகக் கரண்ட் விட்டு யாராவது இருக்கிறார்களா என்று தட்டிப் பார்க்கும். போன் பதில் சொன்னால்தான் முழுசாகத் திறக்கும். ஏறும்போதும் போன் விடாமல் 'கூட்டு', 'குறை', 'போதும்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். பேச்சு அறுந்தால் தட்டு நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து தட்டிப் பார்க்கும். அண்ணன் சொன்ன 'டிங்கு டிங்கு' அதுதான், ஒவ்வொரு டிங்கும் ஒரு புது ஆரம்பம்.

முதல் ஞாயிறு

காலை ஏழு மணிக்கே போய்விட்டேன், கூட்டம் பத்து மணிக்கு மேல்தான். என் பழைய கிளாம்ப் மீட்டர், கனம் அளக்கிற வெர்னியர், சூடு பார்க்கிற கன், அப்புறம் ஒரு சின்ன ஜோடனை. ரோஸ் பவுடர் டப்பா மேல் பதினைந்து சுற்று எனாமல் கம்பி சுற்றிக் கழற்றி, இரண்டு முனையிலும் ஒரு எல்ஈடி பற்ற வைத்தது. அவ்வளவுதான். இதை மேஜை மேல் வைத்து நகர்த்தினால், கீழே காயில் இருக்கிற இடத்தில் தட்டு தட்டிப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் எல்ஈடி மினுக்கும். எந்த இடத்தில் அதிகம் மினுக்குகிறதோ அதுதான் நடு.

இரண்டாம் மேஜையில் அதை வைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது. மேஜை மேல் போன் படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருந்த இடத்தில் எல்ஈடி செத்துக் கிடந்தது, அங்கிருந்து நாலு சென்டிமீட்டர் தள்ளி சாஸ் பாட்டில் வைக்கிற இடத்தில் பளிச்சென்று மினுக்கியது. ஸ்டிக்கர் ஒட்டிய பையன் கண்ணளவில் ஒட்டியிருக்கிறான். இரண்டு காயிலின் நடுவும் ஒரு சென்டிமீட்டர் விலகினாலே சார்ஜ் தடுமாறும், இங்கே நாலு. இரண்டு மாதமாக அந்த மேஜை எந்தக் குறையும் இல்லாமல் சாஸ் பாட்டிலுக்கு சார்ஜ் ஏற்றக் காத்திருந்தது. (ஸ்டிக்கரைப் பிய்த்து ஒட்டியதோடு அந்த வேலை முடிந்தது.)

மூன்றிலும் நாலிலும் ஸ்டிக்கர் சரியாகத்தான் இருந்தது, ஆனால் டிங் கேட்கும், ஐந்தாறு நொடியில் அடங்கும், மறுபடி டிங். ஆறாவது மேஜையிலும் அதே டிங். அண்ணன் மூன்றுக்கும் ஒரே வியாதி என்று நினைத்து, புதுத் தட்டு மூன்று வாங்கி மாற்றியும் பார்த்துவிட்டார். காசு போனதுதான் மிச்சம்.

நான் செய்தது சின்ன வேலை. மூன்று தட்டையும் கல்லிலிருந்து கழற்றி, ஒயர் அப்படியே இருக்க, போனை நேராகத் தட்டு மேல் வைத்தேன். மூன்றும் நாலும் ஒழுங்காக ஏறின. ஆறு மட்டும் அப்போதும் டிங் அடித்தது. அதாவது மூன்றுக்கும் நாலுக்கும் கல் தடையாக இருக்கிறது, ஆறுக்குக் கரண்ட் தடையாக இருக்கிறது. வெளியே கேட்பது ஒரே சத்தம், உள்ளே சங்கதி வேறு. இந்த ஒரு சோதனையை முதலிலேயே செய்திருந்தால் மூன்று புதுத் தட்டின் காசு மிஞ்சியிருக்கும்.

கல்லைப் பற்றி: கிரானைட் 18 மில்லிமீட்டர் கனம். அடியில் வட்டமாகக் குடைந்து தட்டை உள்ளே பதித்திருந்தார்கள். குடைந்தது போக மீதி எவ்வளவு கல் என்று வெர்னியரில் அளந்தால், ஒன்றாவது மேஜையில் 5 மில்லிமீட்டர், இரண்டில் 6, ஐந்திலும் ஆறிலும் 7 கிட்ட, மூன்றில் 11, நாலில் 10. அதன் மேல் தட்டின் பிளாஸ்டிக் மூடி, அதற்கும் மேல் போன் கவர். சாதாரணத் தட்டு சில மில்லிமீட்டர் இடைவெளிக்குச் செய்தது. போன் 'கூட்டு, கூட்டு' என்று கத்தும், தட்டு தன்னால் முடிந்த மட்டும் கூட்டிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளும். இதில் கேமரா வேறு. இப்போதைய போன்களில் கேமரா ஒரு முட்டுக்கல் மாதிரி புடைத்துக்கொண்டிருக்கிறதே, கவர் இல்லாமல் வைத்தால் போன் சாய்ந்து நின்று ஒரு பக்கம் இடைவெளி இன்னும் கூடுகிறது.

கல் வேலைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவர் மேல் தப்புச் சொல்லவே முடியாது. "எனக்கென்னங்க தெரியும், சார்ஜர் வைக்கக் குடையச் சொன்னாங்க, குடைஞ்சேன். அந்த ரெண்டு கல்லுல ரேகை ஓடுதுங்க, இன்னும் ஆழமாப் போனா விட்டுப் போயிரும்னு நிறுத்திட்டேன். எத்தன மில்லின்னு யாராச்சும் சொன்னாங்களா?" யாரும் சொல்லவில்லைதான். தட்டை விற்றவர் கல்லைப் பார்க்கவில்லை, கல்லைக் குடைந்தவர் தட்டைப் பார்க்கவில்லை.

ஆறாவது மேஜைக்கு வருகிறேன். கல்லாவுக்குப் பின்னால் மெயின் கரண்டை 5 வோல்ட்டாக்கித் தருகிற 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் ஒன்று வைத்து, அதிலிருந்து அரை ஸ்கொயர் (அரை சதுர மில்லிமீட்டர்) ஒயர் சுவரோரமாக ஓடி ஒவ்வொரு மேஜையையும் தொட்டுக்கொண்டு கடைசியில் ஆறுக்கு வருகிறது. கல்லா பக்கம் 5.1 வோல்ட். ஆறாவது மேஜையில் போன் வைக்காதபோது அதே 5.1. போனை வைத்ததும் 4.4, முன்னால் உள்ள மேஜைகளிலும் போன் இருந்தால் 4-க்குப் பக்கம். மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அழகாகத் தெரிகிறது: வோல்ட் சரிகிறது, தட்டில் உள்ள சிப் மயங்கி விழுகிறது, சுமை போனதும் வோல்ட் ஏறுகிறது, சிப் எழுந்து மறுபடி டிங். தோட்டத்தில் கடைசி ஆள் மோட்டார் போட்டால் லோ வோல்டேஜில் உறுமிக்கொண்டு நிற்குமே, அதன் குட்டி வடிவம்.

கணக்கும் எளிது. அரை ஸ்கொயர் தாமிர ஒயர் ஆறு மீட்டர் போய்த் திரும்பினால் பன்னிரண்டு மீட்டர், அதன் தடை 0.4 ஓம் கிட்ட. ஒன்றரை ஆம்பியர் ஓடினால் 0.6 வோல்ட் வழியிலேயே போய்விடும். 230 வோல்ட்டில் 0.6 யாருக்கும் தெரியாது, 5 வோல்ட்டில் அது எட்டில் ஒரு பங்கு.

சூடு

அண்ணனை உண்மையிலேயே பயமுறுத்தியது டிங் இல்லை. ஒன்றாவது மேஜையில், அதாவது ஒழுங்காக வேலை செய்த ஒரே மேஜையில், ஒருவர் போனை வைத்துவிட்டு டீ குடித்து முடித்து எடுத்தால் கை சுட்டிருக்கிறது. வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் ஒரு பிடி பிடித்துவிட்டுப் போனாராம். அண்ணன் அன்றைக்கு இரவு தூங்கவில்லை.

அந்தப் போனின் கவரைப் பற்றி விசாரித்தேன். கார் ஸ்டாண்டில் காந்தத்தில் ஒட்ட, கவருக்குள் ஒரு இரும்புத் தகடு வைத்திருந்தார். அதே மாதிரி தகடு ஒன்றை வாங்கி என் போன் கவருக்குள் வைத்து அதே மேஜையில் வைத்தேன். பத்து நிமிஷத்தில் தகடு 58 டிகிரி. இதுவும் நம் பட்டறை சங்கதிதான்: மாறும் காந்தப்புலத்தில் இரும்பு இருந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் ஓடி இரும்பு காயும். வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பில் பாத்திரம் காய்வதும் இப்படித்தான். இப்படி நடுவில் உலோகம் மாட்டினால் கண்டுபிடித்து நிறுத்துகிற ஏற்பாடு தரத்திலேயே இருக்கிறது: அனுப்பியது எவ்வளவு, வந்து சேர்ந்தது எவ்வளவு என்று தட்டும் போனும் ஒப்பிட்டுப் பார்க்கும், நடுவில் களவு போனால் நிறுத்தும். அண்ணன் வாங்கிய மலிவுத் தட்டு அந்தக் கணக்கைப் பார்ப்பதாகத் தெரியவில்லை. பத்து ரூபாய் நாணயத்தைத் தனியாக வைத்தால் ஒன்றும் ஆகாது, பதில் சொல்லப் போன் இல்லையே. போனுக்கும் தட்டுக்கும் நடுவில் மாட்டும்போதுதான் வம்பு. மோதிர ஸ்டாண்டு, கவருக்குள் செருகிய ஏடிஎம் கார்டு எல்லாம் அதே கணக்கில் வரும். கார்டு கெட்டுப்போகவும் வாய்ப்பு உண்டு.

ஐந்தாவது மேஜையில் வேறு மாதிரி சூடு. அது ஓவன் அறைச் சுவரை ஒட்டி இருக்கிறது. மத்தியானம் கல்லே கதகதவென்று இருக்கும். போன் ஏற ஆரம்பிக்கும், பத்து நிமிஷத்தில் வேகம் குறையும், ஐபோனாக இருந்தால் 80 சதவீதத்தில் நின்றுவிடும். போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது, லித்தியம் பேட்டரிக்குச் சூடுதான் எமன். ஒயர்லெஸ்ஸில் ஆகிற இழப்பில் ஒரு பகுதி போனின் முதுகிலேயே சூடாக இறங்குகிறது, பேட்டரியும் அங்கேதான் இருக்கிறது.

ஈபி பில் ஏறுமா என்று அண்ணன் கேட்டார், எல்லாரும் கேட்பார்கள். 5000 எம்ஏஎச் பேட்டரி நிரம்ப 19 வாட்-ஹவர் போதும். ஒயரில் 22, 23 இழுக்கும் என்றால் இப்படி வைத்தால் 27 என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் முழுசாக ஏற்றினாலும் வருஷத்துக்கு இரண்டு யூனிட் வித்தியாசம் வராது. பில்லைப் பற்றி வெசனப்பட வேண்டாம், சூட்டைப் பற்றி மட்டும் படலாம்.

இரண்டாம் ஞாயிறு, எண்ணிப் பார்த்தது

நடுவில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கல்லாவில் இருக்கிற தம்பியிடம் ஒரு வேலை கொடுத்திருந்தேன். ஐந்திலிருந்து எட்டு மணி வரை மேஜையில் உட்காருகிறவர்களிடம் என்ன போன் என்று பார்த்து எழுதச் சொன்னேன். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தான். 53 போன். மாடலைத் தேடிப் பார்த்ததில் உள்ளே காயில் இருந்தது ஏழில்தான்.

இதை நான் முதலில் செய்திருக்க வேண்டும், வெர்னியரை எடுப்பதற்கு முன்னால். பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் விற்கிற போன்களில் இந்த வசதி அநேகமாக இருப்பதில்லை, பொள்ளாச்சி ரோட்டில் டீ குடிக்க நிறுத்துகிறவர்கள் கையில் பெரும்பாலும் அவைதான். 'எந்தப் போன் வைத்தாலும் ஏறும்' என்று விற்றவர் சொன்னதை அண்ணன் அப்படியே ஃப்ளெக்ஸில் அடித்துவிட்டார். காயில் இல்லாத போனை வைத்துவிட்டு அரை மணி நேரம் யூட்யூப் பார்த்தவர், 41 இருந்தது 36 ஆகிவிட்டது, உங்கள் மேஜை சார்ஜை உறிஞ்சுகிறது என்று சண்டைக்கு வந்த கதையும் உண்டு. சிரிக்காதீர்கள், ஃப்ளெக்ஸைப் படித்துவிட்டு உட்கார்ந்த ஆள் வேறு என்ன நினைப்பார்?

கணக்கைப் பார்த்ததும் அண்ணன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "ஏழு பேருக்கு ஆறு மேஜையா கண்ணு?" என்றார்.

சரி, என்ன செய்தோம்? மூன்றிலும் நாலிலும் ஐந்திலும் தட்டைக் கழற்றிவிட்டோம். கனமான கல்லுக்கு அடியில் வைக்கவென்றே தூரம் பாயும் தட்டுகள் கிடைக்கின்றன, விலை கூடுதல், ஏழு பேருக்காக அது வேண்டாம் என்று முடிவு. அந்த மேஜைகளின் காலில் சாதாரண டைப்-சி, யூஎஸ்பி பிளக் வைத்தாயிற்று, ஒயர் கேட்டால் கல்லாவில் கொடுப்பார்கள். ஒன்று, இரண்டு, ஆறில் மட்டும் தட்டு இருக்கிறது, உலோகம் மாட்டினால் நிறுத்துகிற நல்ல தட்டாக மாற்றி. 5 வோல்ட் லைனை எடுத்துவிட்டு 12 வோல்ட் ஓட்டினேன், ஒவ்வொரு மேஜைக்கு அடியிலும் காரில் செருகுகிற சார்ஜர் ஒன்று, அதற்கு முன்னால் ஒரு ஃபியூஸ். வழியில் அரை வோல்ட் போனாலும் கார் சார்ஜர் கவலைப்படாது. ஆறாவது மேஜையில் டிங் இப்போது ஒருமுறைதான் கேட்கிறது.

ஃப்ளெக்ஸ் திரும்ப வரவில்லை. அதற்குப் பதில் மேஜை மேல் சின்ன ஸ்டிக்கர்: 'இந்த வசதி உள்ள போனுக்கு மட்டும். கவரில் இரும்புத் தகடு, மோதிரம், கார்டு இருந்தால் கழற்றவும்.' தினமும் காலையில் வருகிற ரிடையர்டு வாத்தியார் ஒருவர் தனக்கு பேஸ்மேக்கர் இருக்கிறது, இங்கே உட்காரலாமா என்று கேட்டார். ஆப்பிள் தன் போன்களுக்குச் சொல்வது 15 சென்டிமீட்டர், ஒயர்லெஸ்ஸில் சார்ஜ் ஏறும்போது 30 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கச் சொல்கிறது. வாத்தியாரை மூன்றாம் மேஜைக்கு மாறச் சொல்லிவிட்டு, டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். இப்போது அது அவர் மேஜை.

நாலு சென்டிமீட்டர் விலகிய ஸ்டிக்கர் மாதிரி சங்கதிக்கு உலகத்திலும் வைத்தியம் தேடியிருக்கிறார்கள். 2020-இல் ஐபோன் 12-இன் முதுகில் வட்டமாகக் காந்தம் வைத்தார்கள், 2023-இல் ச்சீ-2 என்று அதையே பொதுத் தரத்தில் சேர்த்தார்கள். போனும் தட்டும் தாமாகவே நடுவில் ஒட்டிக்கொள்ளும். கல்லுக்கு அடியில் புதைத்தால் அந்தக் காந்தத்துக்கும் வேலை இல்லை.

கழற்றிய தட்டுகளில் ஒன்றை திருப்பூரில் இருக்கிற என் மச்சினனுக்குக் கொடுத்தேன். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவன் போனில் சார்ஜ் ஓட்டை வாரம் ஒருமுறை பஞ்சு அடைத்துக்கொள்ளும், ஊக்கால் தோண்டித் தோண்டி உள்ளே இருக்கிற பின் வளைந்துவிட்டது. நல்லவேளை, பழைய கேலக்ஸி எஸ்10, உள்ளே காயில் இருக்கிறது. நான் பார்த்தவரைக்கும் இந்தத் தட்டு நிஜமாகவே தேவைப்பட்ட ஆள் அவன் ஒருத்தன்தான்.

கொடுத்த நாலாம் நாள் போன் வந்தது.

"மாமா, மொதல்ல நல்லா ஏறுச்சுங்க. நேத்துலேர்ந்து டிங்கு டிங்குனு கத்துது."

"தட்டு மேல ஏதாச்சும் வெச்சிருக்கியா மாப்ளே?"

"ஒண்ணுமில்லீங்க. பஞ்சு படக்கூடாதுன்னு பனியன் துணிய எட்டா மடிச்சு மேல விரிச்சிருக்கறன், அவ்வளவுதான்."

ஒற்றையாக விரிக்கச் சொன்னேன்.